உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எந்த சிங்க்?

கேள்வி: உடன்குடிப் பக்கம் புது வீடு கட்டுகிறோம். பூச்சு வேலை முடிந்து அடுக்களை மேடை போடப் போகிறார்கள். சிங்க் எதில் வாங்குவது என்று வீட்டில் மூன்று கட்சி. மகள் கறுப்பு குவார்ட்ஸ் சிங்க்தான் வேண்டும் என்கிறாள். மாமியார், பழைய வீட்டில் இருந்ததுபோல் கல் தொட்டிதான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார். கொத்தனாரோ, "எவர்சில்வர் எல்லாம் ஒண்ணுதான் அக்கா, பஜார்ல கிடைக்கிறத வாங்கிக் குடுங்க" என்கிறார். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் எவர்சில்வர் சிங்க் போட்டு இரண்டு வருடத்தில் துருப்புள்ளி விழுந்துவிட்டது. புது வீட்டு போர் தண்ணீரைச் சோதித்ததில், கரைந்த உப்பு மொத்தம் லிட்டருக்கு 1,700 மில்லிகிராம், குளோரைடு 620 என்று வந்தது. மீன், கருவாடு, மண்சட்டி, இரும்புத் தோசைக்கல் எல்லாம் தினமும் புழங்கும் வீடு. எது தாங்கும்?
— ஒரு வாசகி, உடன்குடி

பதில்:

தண்ணீர் ரிப்போர்ட்டை எழுதி அனுப்பினீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி பதில் இருக்கிறது. சிங்க் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேடையின் நிறத்தைச் சொல்வார்கள், பட்ஜெட்டைச் சொல்வார்கள். குழாயில் என்ன வருகிறது என்று சொல்ல மாட்டார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுக்களைக்குள் 304 ரக எவர்சில்வர் சிங்க், தகடு 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாமல், பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷில், ஒரே பெரிய குழியாக. புறவாசலில் மாமியார் கேட்கும் கல் தொட்டி. மகளின் குவார்ட்ஸ் சிங்க் மோசமான பொருள் இல்லை. ஆனால் உங்கள் தண்ணீருக்குக் கறுப்பு நிறம் ஆகாது. கொத்தனார் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வாடகை வீட்டில் புள்ளி விழுந்த காரணத்தை முதலில் பார்ப்போம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அதிலுள்ள குரோமியம் காரணம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகத் தகட்டை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தால், பாலில் ஏடெடுத்த இடத்தில் மறுபடி ஏடு படிவதுபோல், அந்தப் படலம் தானாகவே திரும்ப உண்டாகிவிடும். இதற்கு ஒரே பெரிய எதிரி குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பிலும் உங்கள் போர் தண்ணீரிலும் இருக்கும் அதே சமாசாரம். அது படலத்தை ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு உள்ளே போய், ஊசி குத்தியதுபோல் குழி பறிக்கும். மேலே தெரியும் பழுப்புப் புள்ளி அந்தக் குழியின் வாய்தான்.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குளோரைடு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தொட்டியும் குழாயும் செய்கிறவர்கள், எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும் சாமானுக்கு 304 ரகத்தை ஏறத்தாழ 200 வரைக்கும்தான் நம்புவார்கள். உங்களுடையது 620. அப்படியானால் 304 சிங்கும் உங்கள் வீட்டில் நிற்காதே என்று கேட்கலாம். சிங்க் தண்ணீரிலேயே ஊறிக்கிடப்பதில்லை. விழுந்த தண்ணீர் அப்படியே ஓடிவிடுகிறது. வினை செய்வது, பாத்திரம் கழுவி முடித்த பிறகு மூலைகளில் தங்கும் துளிகள்தான். துளி காயக் காயத் தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. 620 என்று விழுந்த துளி, காய்ந்து முடிகிற நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். சோப்பு டப்பாவுக்கு அடியிலும், கம்பி நார் வைத்த இடத்திலும், குழாய் சொட்டுகிற இடத்திலும்தான் முதல் புள்ளி விழும். வாடகை வீட்டு சிங்கைப் போய்ப் பாருங்கள், அநேகமாக அந்த இடங்களாகத்தான் இருக்கும்.

ஆகையால் ராத்திரி கடைசிப் பாத்திரம் கழுவியதும் சிங்கை ஒரு முறை அலசி, பழந்துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டால் 304 உங்கள் வீட்டில் வருடக்கணக்கில் நிற்கும். தாமிரபரணி கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால், சிங்குக்கு மேல் அதற்கும் ஒரு குழாய் வைத்து, கடைசி அலசலை அந்தத் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்திலும் வெள்ளைத் திட்டு வராது.

இன்னொன்று. உப்புத் தண்ணீர் வீடு என்பதால் ஆர்.ஓ. மெஷின் கட்டாயம் வைப்பீர்கள். அதன் கழிவுநீர்க் குழாயை சிங்க் ஓரத்தில் சொருகிவிடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் போகிறது. போர் தண்ணீரைவிட அது அதிக உப்பு. அதை நாள் முழுக்க எவர்சில்வர்மேல் சொட்டவிட்டால் 304-ம் தாங்காது. அந்தக் குழாயை சிங்குக்குக் கீழே நேராக வடிகாலோடு இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெளியே ஒரு வாளிக்கு விடுங்கள்.

இனி, "எல்லாம் ஒண்ணுதான்" என்ற பேச்சுக்கு வருவோம். பஜாரில் குறைந்த விலைக்குத் தொங்குகிற சிங்குகள் பெரும்பாலும் 202 அல்லது அதே 200 வரிசையில் வருகிற தகடுகள். 304 தகட்டில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கும். நிக்கல் விலை கூடிய உலோகம் என்பதால் 202-ல் அதைப் பாதியாகக் குறைத்து, ஈடுகட்ட மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். அந்த வரிசையிலேயே நிக்கல் ஒரு சதவீதம் அளவுக்கே இருக்கும் தகடுகளும் உண்டு. அவற்றில் குரோமியமும் குறைவு. நல்ல தண்ணீர் உள்ள ஊரில் 202 சமாளித்துக்கொள்ளும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் புழங்குகிற ஒரு வீட்டிலிருந்து இதே கேள்வி வந்திருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் ஊரில் 202 போட்டால் வாடகை வீட்டுக் கதை மறுபடி நடக்கும்.

இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. கடைக்காரர் காந்தத்தை எடுத்து வைத்து, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்" என்பார். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. ஒட்டினால் அது நிக்கலே இல்லாத 430 ரகம் என்று தெரியும், அவ்வளவுதான் அந்தச் சோதனையின் பயன். போதாக்குறைக்கு, நல்ல 304 சிங்கிலும் தகட்டை இழுத்து வளைத்த மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும். அதைப் பார்த்து நல்ல சிங்கை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். எவர்சில்வர் வியாபாரிகளிடம் ஒரு சோதனைத் திரவம் இருக்கும். ஒரு சொட்டு விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட்டால், மாங்கனீசு அதிகமுள்ள 200 வரிசைத் தகட்டில் சில நொடிகளில் சிவப்பு ஏறும். சிங்கின் அடிப்பக்கத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள், மேலே அடையாளம் விழாது. பில்லில் சும்மா "எஸ்.எஸ். சிங்க்" என்று எழுத விடாமல் "304" என்ற எண்ணோடு எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். வீட்டு உபயோக எவர்சில்வர் சிங்குக்கென்று ஐ.எஸ். 13983 என்ற இந்தியத் தரம் இருக்கிறது; ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே அந்த எண் இருந்தால் இன்னும் நல்லது.

304-க்கு மேலே 316 என்று ஒரு ரகம் உண்டு. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ப்பதால் குளோரைடை நன்றாகவே தாங்கும்; 1,000 மில்லிகிராம் வரைக்கும்கூட நம்புவார்கள். வீட்டு சிங்காக 316 கடையில் கிடைப்பது அரிது. ஓட்டல்களுக்கு மேசையும் தொட்டியும் செய்து கொடுக்கிற பட்டறையில் தகடு வரவழைத்து வளைத்து வெல்டிங் செய்து வாங்கலாம், செலவு கூடும். ராத்திரி சிங்கைத் துடைக்க உங்கள் வீட்டில் யாருக்கும் பொழுதிருக்காது என்றால் அந்தச் செலவுக்கு நியாயம் உண்டு. துடைப்பீர்கள் என்றால் 304 போதும்.

தகட்டுக் கனத்தைக் கடையில் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் சிறிதானால் தகடு கனம்: 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 20 கேஜ் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரும்புத் தோசைக்கல்லும் அஞ்சு லிட்டர் குக்கரும் விழுகிற வீட்டில் 18 கேஜைவிட மெல்லிய தகட்டுக்கு இறங்காதீர்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம். அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் விழுகிற சத்தம் கூடத்தில் டிவி பார்ப்பவர் வரை கேட்கும். இப்போது பெட்டிபோல் நேர் மூலையோடு வருகிற கையால் செய்த சிங்குகளுக்கு மவுசு அதிகம். பார்க்க அழகுதான். ஆனால் வளைவே இல்லாத மூலையில் மீன் செதிலும் சோற்றுப் பருக்கையும் அடைந்துகொள்ளும், துணி நுழையாது; உங்கள் வீட்டில் அந்த மூலையில்தான் உப்பும் தங்கும். சுண்டுவிரல் நுனி உட்காருகிற அளவுக்காவது மூலை வளைந்திருக்கட்டும்.

குழி 22-க்கு 16 அங்குலம் இருந்தால் இட்லிக் கொப்பரையைப் படுக்கவைத்துத் தேய்க்கலாம். இரட்டைக் குழி நம் பாத்திரங்களுக்குச் சரிவராது. இரண்டிலும் எதுவும் அடங்காது. ஆழத்தை 8 அங்குலத்தோடு நிறுத்துங்கள். 10 அங்குலக் குழியில் மாமியார் பாத்திரம் தேய்த்தால் அன்று ராத்திரி இடுப்புக்குத் தைலம் தேட வேண்டிவரும். கறுப்பு, தங்க நிறப் பூச்சு பூசிய எவர்சில்வர் வேண்டவே வேண்டாம்: பூச்சு மிக மெல்லியது, கம்பி நார் பட்டால் கீறி அடித்தகடு தெரியும்.

இப்போது மகளின் கட்சி. குவார்ட்ஸ் சிங்க் என்பது ஏறத்தாழ 80 சதவீதம் குவார்ட்ஸ் துகளும் மீதி அக்ரிலிக் பிசினும் கலந்து அச்சில் வார்ப்பது. ஜெர்மனியில் தொடங்கிய இந்தத் தொழில்நுட்பத்தில் குஜராத் பாவ்நகரிலும் இப்போது செய்கிறார்கள். அதில் இரும்பே இல்லை, ஆகவே துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. குளோரைடை மட்டும் பார்த்தால் எவர்சில்வரைவிட அதுவே மேல். இந்த விஷயத்தில் மகள் சொல்வது சரி. சத்தமும் குறைவு. எளிதில் கீறாது, புளியும் எலுமிச்சையும் ஒன்றும் செய்யாது.

குறை வேறு இரண்டு இடத்தில். உங்கள் தண்ணீரில் குளோரைடு மட்டுமா இருக்கும், சுண்ணாம்பும் கூடவே இருக்கும். அது காய்ந்தால் வெள்ளைப் படிவம். எவர்சில்வரில் அது அவ்வளவாகத் தெரியாது, கறுப்பில் பளிச்சென்று தெரியும். கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்பு சிங்க் ஆறே மாதத்தில் சாம்பல் பூத்த வீடுகள் கடலோரத்தில் நிறைய. வினிகர் விட்டுத் தேய்த்தால் போகும், வாரம் தவறாமல் தேய்க்க வேண்டும். இரண்டாவது, அது வளைந்து கொடுக்காத பொருள். மேலேயிருந்து மண்சட்டி நழுவினால் எவர்சில்வரில் சட்டி தப்பிக்க வாய்ப்புண்டு, குவார்ட்ஸில் சட்டி போய்விடும். இரும்புத் தோசைக்கல் விளிம்பு பட்டால் சிங்கிலேயே சில்லு பெயரும். பெயர்ந்ததைப் பழையபடி ஆக்க முடியாது. மகள் பிடிவாதமாக இருந்தால் வெளிர் சாம்பல் நிறம் வாங்கி, அடியில் ஒரு எவர்சில்வர் கம்பித் தட்டு போடுங்கள். வெள்ளையும் சந்தன நிறமும் ஆகாது, மஞ்சள் கறை உட்கார்ந்துகொள்ளும்.

கல் தொட்டிக்கு வருவோம். மாமியார் மனதில் இருப்பது கடப்பாக் கல் தொட்டியா, கருங்கல்லில் குடைந்த தொட்டியா என்று கேளுங்கள், இரண்டும் வேறு. கடப்பா என்பது சுண்ணாம்புப் பாறை. புளித்தண்ணியும் மோரும் எலுமிச்சையும் தினமும் பட்டால் மேல்பரப்பு அரித்து மங்கிச் சொரசொரப்பாகும். பலகைகளை இணைத்துச் செய்வதால் மூலை இணைப்புகளில் என்றைக்காவது கசியும். கருங்கல்லைப் புளி அரிக்காது. ஒரே கல்லில் குடைந்ததற்கு இணைப்பும் கிடையாது. ஆனால் அந்தக் கனத்தை அடுக்களை மேடை தாங்காது. புறவாசலில் செங்கல் கட்டி அதன்மேல் உட்காரவைத்தால் மூன்று தலைமுறைக்கு நிற்கும். மீன் கழுவ, கருவாடு ஊறவைக்க, அடி கரி பிடித்த சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை. கருவாடு ஊறிய தண்ணீர் வீட்டிலேயே மிக உப்பான தண்ணீர். அது உள்ளே வராமல் இருப்பதே எவர்சில்வருக்கு நீங்கள் செய்கிற பெரிய உபகாரம். மாமியார் சொன்னதைக் கேட்டமாதிரியும் ஆயிற்று.

பீங்கான் சிங்கும் எனாமல் பூசிய வார்ப்பிரும்பு சிங்கும் பட்டணத்துக் கடைகளில் காட்டுவார்கள். தோசைக்கல் புழங்குகிற வீட்டுக்கு இரண்டும் சரிப்படாது.

எந்த சிங்க் வாங்கினாலும் கஞ்சி வடிக்கிற வீட்டில் ஒரு கவனம் வேண்டும். கொதிக்கிற கஞ்சியை நேராகக் கொட்டினால் எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகாது. தகடு விரிவதால் 'டொக்' என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். கீழே இருக்கும் பி.வி.சி. குழாய்தான் பாவம். 60 டிகிரிக்கு மேல் அது இளக ஆரம்பிக்கும், இணைப்பு தளரும், மேடைக்குக் கீழே ஈரம் கசியும். கஞ்சியை ஒரு பாத்திரத்தில் வடித்து, மாடு வைத்திருக்கிற வீட்டுக்குக் கொடுங்கள். இல்லையென்றால் ஆறியபின் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

கழுவும்போது மென்மையான ஸ்பாஞ்ச் போதும். கம்பி நாரை சிங்கில் போட்டுவைக்காதீர்கள். அதிலிருந்து உதிர்கிற தூள்தான் பாதி நேரம் துருவாகத் தெரிகிறது. வெள்ளைப் படிவத்துக்கு எலுமிச்சை அல்லது வினிகர் தடவி, பத்து நிமிடத்தில் அலசிவிடுங்கள். பிளீச்சிங் பவுடரும் பாத்ரூம் ஆசிடும் சிங்க் பக்கம் வரவே கூடாது. இரண்டிலும் குளோரின் சம்பந்தம் இருக்கிறது.

கடைசியாக, மேடைக்குக் கல் அறுக்கும் முன்பே சிங்கை வாங்கிவிடுங்கள். அட்டைப் படத்தை நம்பாமல், சிங்கையே கல்மேல் கவிழ்த்துக் கோடு போடச் சொல்லுங்கள். கல்லுக்கு அடியில் பொருத்துவதாக இருந்தால் சிலிக்கான் பசையை மட்டும் நம்பக் கூடாது: விளிம்பு வரை நிறைந்தால் ஏறத்தாழ 45 லிட்டர், அதாவது 45 கிலோ. கீழே ஆங்கிள் கொடுத்துத் தாங்கவைக்க வேண்டும். ஜன்னல் கம்பி அறுக்கிற வேலையும் கிரைண்டர் வேலையும் முடியும்வரை சிங்கை அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள், பறக்கிற இரும்புத் தூள் ஒட்டி மறுநாளே துருப்புள்ளி காட்டும். முடிவில் டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றுவார்களே, அதன் புகை பட்டாலே புது எவர்சில்வர் பழுத்துவிடும். ஆசிட் வாஷ் முடிந்து, வீட்டை இரண்டு முறை தண்ணீர் விட்டுக் கழுவி, ஜன்னல்களைத் திறந்துபோட்ட பிறகு சிங்கைப் பொருத்தச் சொல்லி இப்போதே கொத்தனாரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.